ஒன்பதும் ஒன்றும்

காராமணிப் பூவுக்குள் பத்துக் கேசரங்கள்.
ஒன்பது ஒட்டிக்கொண்டிருக்கும்,
ஒன்று மட்டும் தனியாக.
முதல் நாள் ஹைமாவதி மேடம் எண்ணிக் காட்டியபோது
எனக்கு நான் வாழ்க்கைப்பட்ட வீடு ஞாபகம் வந்தது.
சொல்லவில்லை.

நகரியில் பதினோரு வருஷம் பவர்லூம்.
ஓடுகிற தறியில் அறுந்த இழையை முடிபோட்ட விரல்கள்.
அவற்றுக்குத்தான் இங்கே கூலி.
சாயங்காலம் ஐந்துக்கு மேல்
நாளைக்கு மலரும் மொட்டாகப் பார்த்து
நகத்தால் கீறி, படகிதழை விலக்கி,
இடுக்கியால் பத்தையும் எடுக்க வேண்டும்.
சூல்முடி நசுங்கக் கூடாது.
ஒன்று விட்டுப்போனாலும்
பூ தன்னையே கட்டிக்கொள்ளும்.
நாங்கள் மூன்று மாதம் ஏமாந்து தண்ணீர் ஊற்றுவோம்.

முந்தின வருஷச் சித்திரையில்
பகலைச் செடிகள் சமாளித்துவிட்டன.
இலையைச் செங்குத்தாய் நிறுத்தி
வெயிலுக்கு விளிம்பை மட்டும் காட்டத் தெரியும் அவற்றுக்கு.
இரவுதான்.
மூக்குமலை பகலெல்லாம் குடித்த சூட்டை
விடிய விடிய எங்கள்மேல் ஊதியது.
காலையில் பூவைப் பிரித்தால்
மகரந்தப் பை வெடிக்கவே இல்லை.
இறுக்கி மூடிய கை.
ஏழு வரிசை, அறுநூறு பூ,
விரல் நுனியில் மஞ்சள் ஒட்டவில்லை.

மேடம் நோட்டில் எழுதினார்: இருபத்தொன்பது.
'நாற்பத்திரண்டைத்தான் பேப்பரில் போடுவாங்க.
காயைக் கொல்றது இந்த இருபத்தொன்பது.'

ஆடியில் ஒரு பெட்டி வந்தது.
எங்கேயோ பாலைவனத்து ஓரத்து விதை.
பேர் கிடையாது, எண் மட்டும்.
மிளகு மாதிரி, கறுப்பாய்.
அதை அப்பனாக்கி நூறு பூ சேர்த்தேன்.
அடையாளத்துக்குக் காம்பில் நீல நூல்,
முனிரத்தினம் தறியில் மிஞ்சியது.
எண்பத்தாறு உதிர்ந்தன.
உதிர்ந்ததன் நூலை அவிழ்த்து
ரவிக்கையில் செருகிக்கொண்டேன்.
காசு கொடுத்து வாங்கியதில்லை,
இருந்தாலும்.

மார்கழியில் முளைத்தவற்றின் கணுவில்
அப்பனுடைய ஊதா தெரிந்தது.
அன்றைக்குத்தான் என் விரலை நான் நம்பினேன்.

இந்தச் சித்திரை.
அந்த ஊதாக்களின் பிள்ளைகள், நானூற்றுச் சொச்சம்.
பாசனம் கிடையாது என்று மேடம் குழாயைக் கழற்றிவிட்டார்.
அதே சூடு, அதே மலை.
வரிசை வரிசையாய்ப் பூத்தன, கொட்டின.
கிழக்கு வேலி ஓரம் ஒன்று,
அசுவினி அப்பி, எறும்பு மேய்ந்து,
பிடுங்கிப் போட இருந்தேன்.
பூவைப் பிரித்தேன்.
பை வெடித்திருந்தது.
மூக்கின்மேல் மஞ்சள் ஒட்டியதை
மேடம்தான் துடைத்துவிட்டார்.
இருபத்திமூன்று காய்.

பள்ளிப்பட்டுச் சந்தையில்
தயாநிதி மண்டியில் ஒரு பிடி காட்டினோம்.
உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.
'இது கல்லும்மா. கறுப்பை எவன் வாங்குவான்?
வெள்ளையா, பெரிசா கொண்டாங்க.'
அரைப் பிடி வீட்டில் வேகவைத்தேன்.
குக்கர் ஆறு விசில்.
மகன் ஒன்றைக் கடித்துவிட்டு
என்னைப் பார்த்தான்.

அப்படியானால் மறுபடியும் வெள்ளையோடு சேர்க்கணும்,
நாலு வருஷம், அஞ்சானாலும் ஆகும் என்றார் மேடம்.
திட்டத்துக்குப் பணம் பங்குனி வரைக்கும்.
அது எனக்கும் தெரியும்,
எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.
எல்லைக்கு அந்தப் பக்கம் சோளிங்கரில்
தறிக்கு ஆள் கேட்கிறார்கள்.
இன்னும் பதில் சொல்லவில்லை.

மணி ஆறேகால்.
வெள்ளைக்காரிச் செடியின் முதல் மொட்டு.
கீறிவிட்டேன். படகிதழ் விலகிவிட்டது.
ஒன்பதும் இடுக்கியில் இருக்கின்றன.
தனியாய் நின்ற அந்த ஒன்றைக் காணோம்.
மலை சுட ஆரம்பிக்கிறது.
முனிரத்தினத்தின் தறிச் சத்தம் கேட்கிறது.
கொஞ்சம் இருங்கள் மேடம்,
டார்ச்சை இந்தப் பக்கம் பிடியுங்கள்.